திருத்தம் ஒட்ட வந்தவர்

'அலுவலகத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு கடிதத்தின் வலது மேல் மூலையிலும் அது வந்து சேர்ந்த தேதியைக் குறிக்க வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றால், ஒன்றும் இல்லை என்பதையே பதிலாக அனுப்ப வேண்டும்.'

நான் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இந்த விதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் யாருக்கும் பதில் போடாமல் இருந்தோம். ஆனால் இந்த விதி நாவல் வாசகர்களையும் கட்டுப்படுத்தும் என்று முழு மனதோடு நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

அவர் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளுக்கு எடை போடும் வேலையில் இருந்தவர். குலைகளோடு வரும் லோரியை ஒரு தடவை, கொட்டிவிட்டுப் போகும் லோரியை ஒரு தடவை எடை போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் விண்வெளி நாவல்கள் எழுதினார். அவருடைய அத்தியாயங்கள் எல்லாம் ஒரு லோரி கொட்டி முடிக்கும் நீளத்திலேயே இருந்ததற்குக் காரணம் அதுதான். தோட்டத்தில் அவரை 'ரைட்டர்' என்று அழைத்தார்கள். அது மரியாதையா கேலியா என்பது அழைக்கும் ஆளைப் பொறுத்தது.

அவருடைய எந்த நாவலும் 'முற்றும்' என்ற சொல்லோடு முடியாது. அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, 'இந்த முடிவு சரியா? எழுதுங்கள்' என்று ஒரு கேள்வியும் ஒரு விலாசமும் இருக்கும். முதலில், தோட்டத்தில் தான் குடியிருந்த லயத்து விலாசம் கொடுத்தார். லயத்தை இடித்து அவர் உள்படச் சிலரை அடுக்குமாடிக்கு மாற்றியபோது, கீழ்த்தளத்தில் இருந்த தபால் பெட்டிகளில் பாதிக்கு மூடி இல்லை. நிலையான விலாசம் கொடுப்பதே முறை என்று நான் சொன்னேன். அதன் பிறகு என் வீட்டு விலாசம் அச்சானது. என் வீட்டுக்கும் யாரும் எழுதவில்லை.

"ஒரே ஒரு லெட்டர் போதும் சார்," என்பார். "கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு ஆளு வந்தாங்கன்னு தெரிஞ்சா போதும். திட்டி எழுதினாக்கூட சரிதான்."

"நான் முழுசா படிச்சேனே, ரைட்டர்? பிழை திருத்துனதே நான்தானே?"

"நீங்க கணக்குல வரமாட்டீங்க சார். நீங்க சர்க்குலரையே கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு. நான் கேக்குறது, படிச்சே ஆகணும்னு எந்த அவசியமும் இல்லாத ஒரு ஆளு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையே பதிலாகச் சொல்லியிருக்கலாம்.

காய்கறிப் பாசாருக்குப் பின்னால் தேநீர் விற்ற ஒட்டுக்கடையில்தான் நாங்கள் காலையில் சந்திப்போம். எனக்கு முன்பே வந்து நாளிதழைப் பிரித்து வைத்திருப்பார். அரசியல், விளையாட்டு, மரண அறிவிப்பு எதையும் தொடமாட்டார். அறிவியல் செய்தி உள்ள மூலையை மட்டும், இடமாற்ற உத்தரவில் தன் பெயரைத் தேடும் அரசு ஊழியனைப்போல விரலை வைத்துப் படிப்பார். விஞ்ஞானிகள் எதைக் கண்டுபிடித்தாலும் அது அவருடைய ஏதாவது ஒரு நாவலை நோக்கி அனுப்பப்பட்டது என்பது அவர் எண்ணம்.

ஒருமுறை செவ்வாய்க் கிரகத்தில் உப்பு நீரின் தடயம் தெரிகிறது என்று ஒரு செய்தி வந்தது. ரைட்டர் தேநீரை அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"என்னோட வில்லன் செவ்வாயில தண்ணி இல்லாமதான் சார் செத்தான்."

"சரி, செத்தான். அதுக்கென்ன?"

"அவன் செத்திருக்க வேண்டியதே இல்ல."

அன்றைக்கே ஒரு சிறு தாளில் 'வில்லன் தாகத்தால் இறக்கவில்லை. பள்ளத்தில் தவறி விழுந்து இறந்தான் எனத் திருத்தி வாசிக்கவும்' என்று அச்சடித்து, அந்த நாவலை வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய், பசை தடவி, அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தார். விற்ற பிரதிகள் குறைவு என்பதால் அன்று மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. பத்தாங் காலியில் இருக்கும் அவர் மகள் என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்: "அங்கிள், கார் கம்பெனிக்காரன்தான் ரீகால் பண்ணுவான். நாவலுக்கு ரீகால் பண்ற ஒரே ஆளு எங்கப்பாதான். நீங்களாச்சும் சொல்லுங்க லா."

நான் சொன்னேன். திருத்தங்களுக்கு வரிசை எண் போட வேண்டும், இல்லாவிட்டால் எது பிந்தியது என்று தெரியாது என்று சொன்னேன். அவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டார்.

அறிவியலுக்கு அடுத்து அவர் சிந்தித்த ஒரே பொருள் புத்தக அட்டை. முதல் நாவலின் அட்டையில் ராக்கெட் போட்டார். பலசரக்குக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, சமையல் வாயு விலை ஏறப்போகிறதா என்று கேட்டார். இரண்டாவதில் அலறும் பெண்ணைப் போட்டார். வாங்கியவர்கள் அட்டைக்குப் பழுப்பு உறை போட்டுக்கொண்டார்கள். கருந்துளையின் படம் முதன்முதலாகப் பத்திரிகைகளில் வந்தபோது அதை ஆசையாகக் கத்தரித்துக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்து, தள்ளி நின்று பார்த்து, தலையை ஆட்டினார்.

"உலகத்துலயே பெரிய அதிசயம் சார் இது. ஆனா அட்டையில போட்டா உளுந்துவடைன்னு நெனச்சிடுவாங்க."

ஒட்டுக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, நல்லா வெந்திருக்கு என்றார்.

அடுத்த நாவல் 'கடைசி நிலாக்காரி'. சனிக் கிரகத்தின் கடைசி நிலவிலிருந்து ஒரு பெண் வழி தவறி நம் தோட்டத்தில் வந்து இறங்குகிறாள். விண்கலத்தின் கதவு விழுந்து ஒருவர் சாகிறார். பிறகு ஒரு கல்யாணம் நடக்கிறது. முடிவில் அவள் திரும்பிப் போய்விடுகிறாள். ரைட்டர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. அது கணக்கில் வராது என்பதை முன்பே குறிப்பிட்டிருக்கிறேன்.

அட்டைக்காகப் புக்கிட் செந்தோசாவில் இருந்த ஒரு பேனர் கடைக்குப் போனோம். திருவிழா பேனர், பிறந்தநாள் பேனர், காதணி விழா பேனர் அடிக்கும் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முகத்தைக் கணினியிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"வேற்றுக்கிரகப் பொம்பளயா? எங்கிட்ட அந்த பைல் இல்லண்ணே. அம்மன் இருக்கு. மாரியம்மன், காளியம்மன், அங்காளம்மன், எல்லாம் கிளியரா இருக்கும்."

"அம்மன் வேணாம்ப்பா. இது விஞ்ஞானம்."

"கிரீடத்த எடுத்துடுறேன். மூஞ்சிக்குப் பச்சை அடிக்கிறேன். பின்னாடி இருக்குற திருவாச்சிய வெள்ளியாக்கினா உங்க விண்கலம் மாதிரி ஆயிடும். கையி நாலு போதுமா, எட்டு வேணுமா?"

"ரெண்டு கையிதான். அவ மனுஷி மாதிரி."

"ரெண்டு கை வச்ச பைல் இல்லண்ணே."

ரைட்டர் நான்கு கைகளுக்கு ஒப்புக்கொண்டார். அன்று இரவே நாவலில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு கைகள் கூடின. திரும்பி வரும் வழியில் காரில் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "ராக்கெட் போட்டா ஆம்பளைங்க மட்டும் தொடுவாங்க. பொம்பள போட்டா யாரும் வெளிய காட்டமாட்டாங்க. சாமி படம் போட்டா எல்லாரும் வாங்குவாங்க சார். ஆனா திறப்பாங்களான்னுதான் தெரியல."

தோட்டத்துக் கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தலுக்கு அருகே மேசை போட்டு விற்றோம். மதியத்துக்குள் கட்டுகள் காலி. லயம் இடிபட்ட பிறகு சிலாங்கூரின் வடக்கு முழுவதும் சிதறிப்போன பழைய சனங்கள் எல்லோரும் அன்று வந்திருந்தார்கள். எங்கள் மாரி, பச்சை மேனியில் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்கினார்கள். ஒரு பாட்டி அங்கேயே குங்குமம் வைத்துவிட்டார். ரைட்டருக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொள்ளவும் முடியாமல், கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

பிறகு நாள்தோறும் என் வீட்டுத் தபால் பெட்டியைப் பற்றி விசாரித்தார். மின்கட்டண பில் வந்திருக்கிறது என்பேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

அப்போதுதான் சனி தன் வேலையைக் காட்டியது. வானியலாளர்கள் சனிக் கிரகத்தைச் சுற்றி மேலும் சில நிலவுகளைக் கண்டுபிடித்திருப்பதாகச் செய்தி வந்தது. மொத்தம் எத்தனை என்று அதில் ஓர் எண் இருந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை, நீங்கள் படிப்பதற்குள் அது மாறியிருக்கும்.

"கடைசி நிலா கடைசி இல்லாம போச்சு சார்," என்றார் ரைட்டர். முகம் வெளிறிவிட்டது. "தலைப்பே பொய்யாயிடுச்சு. யாராச்சும் இப்ப படிச்சிக்கிட்டிருந்தா என்ன நெனப்பாங்க?"

யாரும் படித்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு என் தபால் பெட்டியே சாட்சி. ஆனால் அதைச் சொல்லும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. காரை எடுத்தேன். அவர் பசை டப்பா, இரும்பு அடிக்கோல், வரிசை எண் போட்ட திருத்தச் சீட்டுகள் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். யார் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குப் போனார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

முதல் வீட்டிலேயே புத்தகம் சாமி மேடையில் இருந்தது. வீட்டுக்கார அம்மாள் அதைக் கண்ணாடித்தாள் போட்டு லேமினேட் செய்து வைத்திருந்தார். அட்டையை மட்டும் அல்ல, முழுப் புத்தகத்தையும்.

"விபூதி விழுந்து கெட்டுப் போயிடும்னுதான் தம்பி இப்படிப் போட்டேன்."

"அக்கா, நான் எழுதினது உள்ளதான் இருக்கு. ஒரு திருத்தம் ஒட்டணும். கொஞ்சம் பிரிக்கலாமா?"

"அம்மனையா? பிரிக்கிறதா?" அம்மாளின் குரல் உயர்ந்தது. "என்னா தம்பி பேசுறீங்க?"

"சனிக்கு இன்னும் நிலா கூடிப்போச்சுக்கா. அதான்."

அம்மாள் முகம் மாறியது. உள்ளே பார்த்து, "ஏங்க, சனி கூடிப்போச்சாம், இங்க வாங்க," என்று கூப்பிட்டார். கணவர் வந்தார். எந்த ராசிக்கு என்று கேட்டார். ரைட்டர், எல்லா ராசிக்கும் பொதுதான், வானத்தில்தான் கூடியிருக்கிறது என்று விளக்க முயன்றார். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பயந்தார்கள். கடைசியில் எங்களுக்கு எள்ளுருண்டை கொடுத்து, திருத்தச் சீட்டைக் கண்ணாடித்தாளின் மேலேயே ஒட்டச் சொல்லி, அதற்கும் சூடம் காட்டினார்கள்.

இப்படியே வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் புத்தகம் மஞ்சள் துணியில் முடிந்து நிலைப்படியில் தொங்கியது. ஒரு வீட்டில் அரிசிப் பாத்திரத்துக்குள் இருந்தது. ஓர் இடத்தில் லோரியின் முன்கண்ணாடியில், எலுமிச்சம்பழத்தோடு. பிரிக்க அனுமதித்த சில வீடுகளிலும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில், அச்சகத்தின் மணம் மாறாமல் இருந்தன. ரைட்டர் அடிக்கோலை வைத்து, சீட்டைக் கோணாமல் ஒட்டி, பக்கத்தை ஊதிக் காயவைத்து மூடினார். யாருமே படிக்காத ஒரு பிழையை அவ்வளவு பொறுப்பாகத் திருத்திய வேறு மனிதரை நான் பார்த்ததில்லை. அரசாங்கத்தில் நாங்கள் எல்லோரும் படித்த பிழைகளைக்கூட விட்டுவைத்தோம்.

கடைசியாகச் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு வீடு. அங்கே அட்டை மட்டும் கூடத்தில், சட்டத்துக்குள், சிறு விளக்கோடு மாட்டியிருந்தது.

"உள்ள இருந்தது எங்கம்மா?" என்றார் ரைட்டர்.

"உள்ளயா? உள்ள என்னா இருந்துச்சு?" அந்த அம்மாள் யோசித்தார். "ஓ, அந்தப் பேப்பரா? சட்டத்துக்குள்ள அடங்கலண்ணே. பழைய பேப்பரோட வெளிய வச்சிட்டேன்."

ரைட்டர் பசை டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். வீட்டில் இறங்கும்போது, "இனிமே எழுதல சார்," என்றார்.

அவர் சொன்னதைச் செய்துவிடும் ஆள். எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். பதில் வராத கடிதத்துக்கு முறைப்படி நினைவூட்டல் அனுப்ப வேண்டும். 'மேற்குறிப்பிட்ட நாவலின் இறுதிப் பக்கத்தில் கேட்கப்பட்ட வினாவுக்கு இதுவரை தங்களிடமிருந்து பதில் கிடைக்கப்பெறவில்லை' என்று தொடங்கி, அவர் ஒப்புதலோடு எல்லா வாசகர்களுக்கும் முதல் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டல். பிறகு, தடித்த எழுத்தில், இறுதி நினைவூட்டல்.

பதில் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். அரசாங்கத்திலிருந்து சூராட், அதாவது கடிதம், வந்திருக்கிறது என்று நினைத்து, ஒருவர் அடையாள அட்டையின் நகலும் தண்ணீர் பில்லும் கொண்டுவந்து என் வாசலில் நின்றார். இன்னொருவர், உதவித்தொகை எப்போது பாங்கில் விழும் என்று கேட்டார். ஒரு மூதாட்டி, தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று அழுதார். அவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, புத்தகத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன்.

"படிக்கலாமாய்யா அத?" என்றார் அந்த மூதாட்டி. "அம்மன் மேல வெரல் படுமே."

ரைட்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். ஆனால் அடுத்த நாள் ஒட்டுக்கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார், நாளிதழைப் பிரிக்கவில்லை. கடைக்காரர் அறிவியல் செய்தியை வெட்டியே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ரைட்டர் அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டார்.

ஆடி மாதம் வந்தது. கோயில்களில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். ஒரு பிற்பகல் என் தபால் பெட்டியில், பில் அல்லாத ஓர் உறை கிடந்தது. 'இந்தக் கதையை எழுதியவர்' என்று மட்டும் போட்டு, கீழே என் விலாசம் கையால் எழுதியிருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. பிரிக்காமல் ரைட்டரின் வீட்டுக்குக் காரை ஓட்டினேன். மூன்றாம் மாடிக்கு நான் அவ்வளவு வேகமாக ஏறியது அதுதான் முதலும் கடைசியும்.

அவர் உறையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க படிங்க சார். நீங்கதானே கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு."

படித்தேன்.

'வணக்கம். உங்கள் பெயர் தெரியவில்லை. முன்பக்கம் எல்லாம் போய்விட்டது. எங்கள் அண்ணி அட்டையைச் சட்டம் போட்டுவிட்டு மிச்சத்தைப் பழைய பேப்பரோடு வைத்திருந்தார். வடை மடித்துக் கொடுக்க ஆகும் என்று நான் எடுத்து வந்தேன். ஒரு தாளைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டதைப் படித்தேன். பிறகு அந்தத் தாளைத் திரும்ப ஒட்டிவிட்டேன். வடைக்கு வேறு பேப்பர் வாங்கிக்கொண்டேன்.

'முடிவு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. அந்தப் பெண் போயிருக்கக் கூடாது. இத்தனை பேர் இருந்தும், இரு என்று ஒருத்தர்கூட அவளிடம் சொல்லவில்லை. எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை.

'இன்னொன்று கேட்க வேண்டும். சமையல்கார மணியம் விண்கலத்தின் கதவு விழுந்து செத்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். பிறகு கல்யாணப் பந்தியில் அவரே வாளி தூக்கிக்கொண்டு பாயசம் ஊற்றுகிறார். அவர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எப்படி? பதில் போடவும்.'

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மணியமா?" என்றார் ரைட்டர்.

நான் அலமாரியிலிருந்து பிரதியை எடுத்துப் புரட்டினேன். கதவு விழும் இடம் இருந்தது. மணியம் ஐயோ என்றுகூடச் சொல்லாமல் செத்திருந்தார். பந்தி வந்தது. மணியம் வாளியோடு வந்தார், 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?' என்று கேட்டார். அச்சுக்கு முன் இதை நான் மூன்று முறை படித்திருந்தேன். ஒற்றெழுத்து ஒன்றைக்கூட நான் விடவில்லை.

"நடுவுல ஒரு வாரம் ஆலையில ராத்திரி ஷிப்டு போட்டுட்டாங்க சார். அதுல மறந்திருப்பேன்," என்றார் ரைட்டர். பிறகு, "நிலாவப் பத்தி ஏதும் கேக்கலையா?"

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். "ஒன்றும் இல்லை."

"கடைசி நிலா கடைசி இல்லைன்னு?"

"ஒரு வார்த்தை இல்லை, ரைட்டர்."

அவர் வெகுநேரம் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். 'நான் அழுதுவிட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி அதை மட்டும் படிக்கச் சொன்னார்.

கீழே கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. நான் கடமையை மறக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து பசை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அடுத்த திருத்தத்துக்கு என்ன எண் போடுறது? பாயசம் ஊத்துனது மணியத்தோட தம்பின்னு ஒரு வரி அச்சடிச்சா போதும். ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாம்."

"வேணாம் சார்."

"செத்த ஆளு பந்தி பரிமாறுறான். இத எப்படி விடுறது?"

"விட்டுடுங்க." பசை டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நிலா எத்தன வேணா கூடட்டும், அதுக்கு ஒட்டுவோம். மணியத்த மட்டும் தொடாதீங்க. அத எடுத்துட்டா, இனிமே ஒரு ஆளு முழுசா படிச்சாங்கன்னு நான் எத வச்சு சார் கண்டுபிடிப்பேன்?"

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் இதற்கு இடமில்லை. அந்தப் பசை டப்பா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. அவர் காலமான பிறகு அவர் மகள் கொடுத்தது. மணியம் இன்றுவரை திருத்தப்படவில்லை.

"பதினாலு நாளுக்குள்ள பதில் போடணும், இல்லையா சார்?" என்று அன்றைக்கு ரைட்டர் எழுந்து தாள் தேடினார். என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். மணியம் எப்படி வந்தார் என்று தனக்கும் தெரியவில்லை என்பதைத்தான் எழுதப்போவதாகச் சொன்னார். சட்டென்று நின்று, உறையைக் கையில் எடுத்து வலது மேல் மூலையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன், அதைக் குறிக்காமலே ஓடி வந்திருக்கிறேன்.

பேனாவை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ் தேதி வேணாம் சார். நம்ம ஆளுங்க சொல்ற மாதிரியே போடுங்க."

மேசையில் வைத்து, கோணாமல், எழுதினேன்: வந்து சேர்ந்தது, ஆடி கடைசி வெள்ளி.